நுண்ணறிவு எத்தனை வகை, கற்றல் எத்தனை வழி?

மனித நுண்ணறிவைப் பற்றிய பொதுப்பேச்சு பெரும்பாலும் மூன்று கூற்றுகளைச் சுற்றியே நடக்கிறது. நுண்ணறிவு என்பது ஒரே எண்ணில் அடங்கிவிடும் என்பது முதல் கூற்று. ஒவ்வொருவருக்கும் தனி வகை நுண்ணறிவு வாய்த்திருக்கிறது, ஆகவே யாரையும் யாரோடும் ஒப்பிட முடியாது என்பது இரண்டாவது. சிலர் பார்த்துக் கற்பவர்கள், சிலர் கேட்டுக் கற்பவர்கள், சிலர் செய்து கற்பவர்கள். அவரவர் பாணிக்கு ஏற்பக் கற்பித்தால் எல்லோருக்கும் எளிதில் விளங்கிவிடும் என்பது மூன்றாவது. முதல் இரண்டும் ஒன்றை ஒன்று மறுப்பவை என்றாலும், ஒரே மனிதர் ஒரே உரையாடலில் மூன்றையும் சொல்வதைக் கேட்கலாம்.

தனித்தனியாகக் கேட்க வேண்டிய மூன்று கேள்விகள் இங்கே ஒன்றாகக் கலந்துவிட்டன. ஒருவரால் எது முடிகிறது என்பது திறனைப் பற்றியது. அவருக்கு எது பிடிக்கிறது என்பது விருப்பத்தைப் பற்றியது. புதிய செய்தி அவர் மனத்தில் எப்படித் தங்குகிறது என்பது கற்றல் நிகழும் முறையைப் பற்றியது. இம்மூன்றையும் பிரித்து வைத்துக்கொண்டால், மேலே சொன்ன கூற்றுகளில் எதில் எவ்வளவு உண்மை இருக்கிறது என்பது தெரிந்துவிடும்.

ஐக்யூ என்ற எண் எதைச் சொல்கிறது

பள்ளிப் பாடங்களில் பின்தங்கும் பிள்ளைகளை அடையாளம் கண்டு, அவர்களுக்குத் தனிக் கவனம் அளிக்க வேண்டும் என்ற தேவையிலிருந்துதான் முதல் நுண்ணறிவுச் சோதனை பிறந்தது. பிரெஞ்சு உளவியலாளர் ஆல்ஃபிரட் பினே, தம் உடன் பணியாளர் தியோடர் சிமோனுடன் சேர்ந்து 1905-இல் அதை வெளியிட்டார். நுண்ணறிவு என்பது பிறப்பிலேயே அளந்து வைக்கப்பட்ட மாறாத ஒன்று என்ற கருத்தைப் பினே வெளிப்படையாகவே எதிர்த்தார். அவர் உருவாக்கிய கருவியே பிற்காலத்தில் அந்தக் கருத்துக்குச் சான்றாகக் காட்டப்பட்டது, அறிவியல் வரலாற்றின் வருந்தத்தக்க திருப்பங்களில் ஒன்று.

1912-இல் ஜெர்மானிய உளவியலாளர் வில்லியம் ஸ்டெர்ன், ஒரு குழந்தை எந்த வயதுப் பிள்ளைகளின் அளவுக்குச் சோதனையில் விடையளிக்கிறதோ அந்த ‘மன வயதை’ உண்மையான வயதால் வகுக்கலாம் என்றார். கிடைத்த ஈவைப் பின்னர் நூறால் பெருக்கினார்கள். பத்து வயதுப் பிள்ளை பன்னிரண்டு வயதினரின் அளவுக்கு விடையளித்தால் அதன் எண் 120. நுண்ணறிவு ஈவு, அதாவது ஐக்யூ, என்ற பெயர் இந்த வகுத்தலிலிருந்து வந்தது. ஆனால் பெரியவர்களுக்கு இந்தக் கணக்குப் பொருந்தாது. நாற்பது வயதுக்காரரிடம் ஐம்பது வயது மன வயதைக் காண்பதில் எந்தப் பொருளும் இல்லை.

ஆகவே இன்றைய சோதனைகள் எதையும் வகுப்பதில்லை. ஒருவர் தம் வயதையொத்தவர்களின் வரிசையில் எங்கே நிற்கிறார் என்பதை மட்டுமே கணக்கிடுகின்றன. சராசரியை 100 என்று வைத்து, ஏறத்தாழ 68 விழுக்காட்டினர் 85-க்கும் 115-க்கும் இடையில் வரும்படி மதிப்பெண்களை அமைக்கிறார்கள். எனவே ஐக்யூ 120 உடையவர், 100 உடையவரைவிட இருபது விழுக்காடு கூடுதல் அறிவுள்ளவர் என்று சொல்வது பிழை. நீளத்துக்கும் எடைக்கும் இருப்பதுபோல இந்த அளவுக்குப் பூஜ்யம் என்ற தொடக்கப்புள்ளி கிடையாது. வரிசையில் ஓர் இடம் மட்டுமே உண்டு.

திறன்கள் ஒன்றா, பலவா

தடகளப் போட்டியில் கலந்துகொள்ளும் ஒரு பெரும் கூட்டத்தை எண்ணிப் பாருங்கள். நூறு மீட்டர் ஓட்டத்தில் முன்னால் வருபவர்கள் நீளம் தாண்டுவதிலும் சராசரிக்கு மேலே இருப்பதற்கு வாய்ப்பு அதிகம். குண்டு எறிதலில்கூட, ஓரளவுக்கு, அவர்கள் மற்றவர்களை முந்தலாம். ஆனால் சிறந்த ஓட்டக்காரரே சிறந்த குண்டு எறிபவராகவும் இருப்பார் என்று யாரும் எதிர்பார்ப்பதில்லை. பொதுவான உடல்தகுதி என ஒன்று இருப்பதும் உண்மை. தனித்தனி விளையாட்டுக்குத் தனித்தனித் திறன் இருப்பதும் உண்மை.

அறிவுத் திறன்களிலும் ஏறக்குறைய இதே அமைப்புத்தான் காணப்படுகிறது. 1904-இல் ஆங்கிலேய உளவியலாளர் சார்லஸ் ஸ்பியர்மன், பள்ளிப் பிள்ளைகளின் மதிப்பெண்களை ஆராய்ந்தபோது, ஒரு பாடத்தில் மேலே இருப்பவர்கள் தொடர்பே இல்லாத வேறு பாடங்களிலும் மேலே இருக்கும் போக்கைக் கண்டார். இரண்டு அளவுகள் இப்படிச் சேர்ந்து ஏறி, சேர்ந்து இறங்குவதைப் புள்ளியியலில் ஒட்டுறவு என்பார்கள். எல்லா அறிவுச் சோதனைகளுக்கும் இடையே காணப்படும் இந்த ஒட்டுறவுக்குப் பின்னால் ‘பொதுக் காரணி’ ஒன்று இருப்பதாக ஸ்பியர்மன் முடிவுசெய்தார். அது மதிப்பெண்களின் போக்கிலிருந்து கணித்துப் பெறப்பட்ட ஒரு புள்ளியியல் அளவு என்பதை மறக்கக் கூடாது. மூளையில் இந்த இடத்தில் இருக்கிறது என்று விரலால் சுட்டிக் காட்டக்கூடிய உறுப்பு அன்று.

அமெரிக்காவில் லூயிஸ் தர்ஸ்டன் 1938-இல் மாற்றுக் கருத்தை முன்வைத்தார். சொல்லாற்றல், எண்ணாற்றல், இடத்தையும் வடிவத்தையும் மனத்தில் கற்பனை செய்தல், நினைவு முதலிய ஏழு அடிப்படைத் திறன்களை அவர் பட்டியலிட்டார். இந்த விவாதம் பல பத்தாண்டுகள் நீடித்தது. 1993-இல் ஜான் கேரல், அதுவரை திரட்டப்பட்ட நானூறுக்கும் மேற்பட்ட தரவுத் தொகுப்புகளை மறுபடியும் அலசி, இரு தரப்பினர் சொன்னதும் ஒரே கட்டடத்தின் வெவ்வேறு தளங்கள் என்று காட்டினார். உச்சியில் பொதுத் திறன்; நடுவில் சில பரந்த திறன்கள்; அடியில் மிகக் குறுகிய பல தனித்திறன்கள்.

நடுத்தளத்தில் இரண்டை மட்டும் இங்கே தெரிந்துகொண்டால் போதும். முன்பின் பார்த்திராத ஒரு சிக்கலை, கற்ற செய்தி எதுவும் கைகொடுக்காத நிலையில், அங்கேயே யோசித்துத் தீர்க்கும் ஆற்றலைப் பாய்ம நுண்ணறிவு என்று உளவியலாளர் ரேமண்ட் கேட்டல் குறிப்பிட்டார். படிப்பாலும் அனுபவத்தாலும் சேர்ந்த சொல்வளம், பொது அறிவு, தொழில் நுணுக்கம் ஆகியவற்றைப் பயன்படுத்தும் ஆற்றலைப் படிக நுண்ணறிவு என்றார். முன்னது இளமையில் உச்சத்தைத் தொட்டுப் பிறகு படிப்படியாகக் குறைகிறது. பின்னது நடுவயதைத் தாண்டியும் வளர்கிறது. புதிய கருவியை இளைஞர் சட்டென்று பிடித்துக்கொள்வதும், சிக்கலான வழக்கில் மூத்த வழக்கறிஞரின் கணிப்பு பலிப்பதும் இதனால்தான்.

இதுவரை பார்த்ததில் நினைவில் வைக்க வேண்டியது இவ்வளவே. அறிவுத் திறன்கள் பல. ஆனால் அவை ஒன்றோடு ஒன்று உறவில்லாத தீவுகள் அல்ல. ஐக்யூ அவற்றின் கூட்டு நிலையைப் பற்றிய ஒரு தரவரிசை எண்.

கார்ட்னர் சொன்னதும், அவர் சொல்லாததும்

ஹார்வர்டு பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஹோவர்டு கார்ட்னர் 1983-இல் பன்முக நுண்ணறிவுக் கோட்பாட்டை வெளியிட்டார். மொழி, தருக்கமும் கணிதமும், இடமும் வடிவமும், இசை, உடலியக்கம், பிறரை அறிதல், தன்னை அறிதல் என ஏழு நுண்ணறிவுகள் உண்டு என்றார்; இயற்கையை வகைப்படுத்தி அறியும் எட்டாவதைப் பின்னாளில் சேர்த்துக்கொண்டார். மூளைக் காயத்தால் பேச்சை இழந்த சிலர் இசையை இழக்காமல் இருப்பதும், மற்றவற்றில் பின்தங்கிய குழந்தை ஒரே ஒரு துறையில் வியக்கும்படி மேலோங்கி நிற்பதும் அவர் காட்டிய சான்றுகளில் அடங்கும்.

ஆசிரியர்கள் இதை ஆர்வத்தோடு ஏற்றுக்கொண்டதில் வியப்பில்லை. தேர்வுத் தாளில் தெரியாத திறமைகளுக்கும் மதிப்பு உண்டு என்பதை ஒரு கல்வியாளர் எடுத்துச் சொன்னது பலருக்கும் ஆறுதலாக இருந்தது. ஆயினும் உளவியல் ஆய்வாளர்கள் பலர் இதை ஏற்கவில்லை. கார்ட்னர் தம் நுண்ணறிவுகளை அளக்கத் தரப்படுத்திய சோதனை எதையும் தரவில்லை. பிறர் அளந்து பார்த்தபோது, மொழி, தருக்கம், இடவுணர்வு ஆகியவை தனித்தனியே நிற்காமல், ஸ்பியர்மன் கண்டதுபோலவே சேர்ந்தே ஏறி இறங்கின. இசையும் உடலியக்கமும் ஓரளவு விலகி நிற்பது உண்மை. ஆனால் அவற்றை ‘நுண்ணறிவு’ என்பதா, ‘திறமை’ என்பதா என்று விவாதிப்பதால் எந்தத் திறனும் கூடப்போவதுமில்லை, குறையப்போவதுமில்லை.

என் பார்வையில், கோட்பாட்டைவிட அதிகச் சேதம் விளைவித்தது அதன் தவறான பயன்பாடு. மனிதர்களை எட்டு அறைகளில் அடைப்பதற்காகக் கார்ட்னர் இதைச் சொல்லவில்லை. எட்டும் எல்லோரிடமும் வெவ்வேறு அளவில் இருக்கின்றன என்றே சொன்னார். அதை மறந்துவிட்டு, ‘இவனுக்கு இசை நுண்ணறிவு, ஆகவே கணக்கு வராது’ என்று முடிவுகட்டுவது, ஐக்யூ எண்ணை வைத்து ஒரு பிள்ளையை ஒதுக்குவதிலிருந்து எந்த வகையிலும் வேறுபட்டதன்று. தம் கோட்பாட்டைக் கற்றல் பாணியோடு குழப்பிக்கொள்ளக் கூடாது என்று கார்ட்னரே எழுதியிருக்கிறார். அடுத்துப் பார்க்க வேண்டியது அந்தப் பாணியைத்தான்.

கற்றல் பாணி என்னும் நம்பிக்கை

ஒருவர் எந்தப் புலன்வழிச் செய்தியை விரும்புகிறாரோ அந்த வழியிலேயே கற்பித்தால் அவர் கூடுதலாகக் கற்பார் என்பதே கற்றல் பாணிக் கருத்து. இது உண்மையா என்று கண்டுபிடிக்கும் முறை எளியது. படத்தை விரும்புபவர்கள், பேச்சை விரும்புபவர்கள் என இரு குழுக்களைப் பிரிக்க வேண்டும். ஒவ்வொரு குழுவிலும் பாதிப் பேருக்குப் படத்தாலும் மீதிப் பேருக்குப் பேச்சாலும் அதே பாடத்தைக் கற்பித்து, எல்லோருக்கும் ஒரே தேர்வை வைக்க வேண்டும். படம் விரும்பிகள் படத்தாலும், பேச்சு விரும்பிகள் பேச்சாலும் கூடுதல் மதிப்பெண் பெற்றால், அதாவது இரு குழுக்களின் முடிவுகளும் எதிரெதிர்த் திசையில் சென்றால், கருத்து மெய். இரு குழுக்களுக்கும் ஒரே வழி சிறந்ததாக இருந்தால், அந்த வழி நல்லது என்பது மட்டுமே தெரியவரும். பாணிக்கு அதில் எந்தப் பங்கும் இல்லை.

2008-இல் ஹெரால்டு பாஷ்லர் உள்ளிட்ட நான்கு உளவியலாளர்கள், அதுவரை வெளிவந்த ஆய்வுகளை இந்த அளவுகோலை வைத்துச் சோதித்தார்கள். முறையாக நடத்தப்பட்ட ஆய்வுகள் மிகச் சிலவே இருந்தன. அவற்றிலும் பல, கருத்துக்கு மாறான முடிவுகளையே தந்தன. பாணியறிந்து கற்பிப்பதை வகுப்பறையில் பரிந்துரைக்கத் தக்க சான்று இல்லை என்று அவர்கள் எழுதினார்கள்.

அப்படியானால் இவ்வளவு பேர் இதை நம்புவது ஏன்? விருப்பம் என்பது உண்மையாகவே இருப்பதுதான் காரணம். வரைபடம் பார்க்கப் பிடிக்கும் ஒருவருக்கு வரைபடத்தோடு படிக்கும் நேரம் இனிமையாகக் கழிகிறது. அந்த இனிமையையே அவர் கற்றல் என்று எடுத்துக்கொள்கிறார். தவிர, நாம் கற்பவற்றில் பெரும்பகுதி படமாகவோ ஒலியாகவோ அல்லாமல் பொருளாகவே மனத்தில் தங்குகிறது. ஒரு வாக்கியத்தைப் படித்தோமா கேட்டோமா என்பது சில நாட்களில் மறந்துபோகும். அது சொன்ன செய்தி நிற்கும்.

எந்த வழியில் கற்பிப்பது என்பதைப் பெரும்பாலும் தீர்மானிப்பது பாடமே. கண்டங்களின் அமைப்பைப் பார்த்தாக வேண்டும், உச்சரிப்பைக் கேட்டாக வேண்டும், நீச்சலைத் தண்ணீரில் இறங்கிப் பழகியாக வேண்டும். இதில் யாருக்கும் விலக்கு இல்லை. பார்வையோ செவித்திறனோ குறைந்தவருக்கு மாற்று வழி தேவைப்படுவது பாணியைச் சேர்ந்ததன்று. அது கட்டாயத் தேவை. மூளையின் வலப்பாதியால் சிந்திப்பவர், இடப்பாதியால் சிந்திப்பவர் என்ற பாகுபாடும் இதே வகையிலான எளிமைப்படுத்தல். சில பணிகளில் ஒரு பாதிக்குப் பங்கு கூடுதல் என்றாலும், இரு பாதிகளும் இடைவிடாது சேர்ந்தே இயங்குகின்றன.

சுருக்கமாகச் சொன்னால், திறன் ஆளுக்கு ஆள் மாறுகிறது, விருப்பமும் மாறுகிறது; ஆனால் விருப்பத்துக்கு ஏற்ற ஊடகம் கற்றலைக் கூட்டுகிறது என்பதற்குச் சான்று கிடைக்கவில்லை. இனி கற்றல் நிகழும் முறையைப் பார்க்கலாம்.

புதிய செய்தி தங்கும் முறை

47-ஐ 6-ஆல் மனத்திலேயே பெருக்கிப் பாருங்கள். நாற்பதை ஆறால் பெருக்கி 240 என்று ஓர் ஓரத்தில் வைத்துக்கொண்டு, ஏழை ஆறால் பெருக்கி 42 என்று கண்டு, இரண்டையும் கூட்டி 282 என்கிறோம். இடைப்பட்ட எண்களைச் சில நொடிகள் பிடித்துவைத்துக்கொண்டு அவற்றின்மேல் வேலை செய்த அந்த ஏற்பாட்டுக்குச் செயல்நினைவு என்று பெயர். அதன் கொள்ளளவு மிகச் சிறியது. 1956-இல் ஜார்ஜ் மில்லர் ஏழு அலகுகளை ஒட்டி அதன் எல்லையை வைத்தார். பிற்கால ஆய்வுகள் நான்கை ஒட்டியே மதிப்பிடுகின்றன. பழகிய செய்திகள் ஆண்டுக்கணக்கில் தங்கும் நீண்டகால நினைவுக்கோ நடைமுறையில் இப்படிப்பட்ட எல்லை எதுவும் தென்படவில்லை.

இந்த இரண்டும் சந்திக்கும் இடத்தில்தான் கற்றலின் சூட்சுமம் இருக்கிறது. 1, 9, 0, 5, 1, 9, 1, 2, 1, 9, 8, 3 என்ற பன்னிரண்டு இலக்கங்களை ஒருமுறை கேட்டு ஒப்பிப்பது கடினம். ஆனால் இக்கட்டுரையை இதுவரை படித்தவருக்கு அவை 1905, 1912, 1983 என்ற மூன்று ஆண்டுகளே. நீண்டகால நினைவில் ஏற்கெனவே இருக்கும் அறிவு, சிதறிய அலகுகளை ஒரே கட்டாகச் சேர்த்துக் கொடுக்கிறது. செயல்நினைவு பெரிதாகவில்லை, அதில் வைக்கும் ஒவ்வோர் அலகும் கனத்துவிடுகிறது.

1973-இல் வில்லியம் சேஸும் ஹெர்பர்ட் சைமனும் இதைச் சதுரங்கத்தில் காட்டினார்கள். உண்மையான ஆட்டம் ஒன்றின் நிலையை ஐந்து நொடி காட்டி மறைத்தபோது, தேர்ந்த ஆட்டக்காரர் புதியவரைவிடப் பல மடங்கு காய்களைச் சரியாக அடுக்கினார். காய்களைத் தாறுமாறாக வைத்துக் காட்டியபோது அவருடைய மேன்மை ஏறத்தாழ மறைந்துபோனது. அவரிடம் இருந்தது பொதுவான ‘நல்ல நினைவாற்றல்’ அன்று. பல்லாயிரம் ஆட்ட அமைப்புகளைப் பற்றிய அறிவு. இதேபோல் 1980-இல் வெளியான ஓர் ஆய்வில், ஒரு மாணவர் நூற்றுக்கணக்கான மணி நேரப் பயிற்சியால், ஒருமுறை கேட்டதும் ஒப்பிக்கும் இலக்கங்களை ஏழிலிருந்து ஏறத்தாழ எண்பதாக உயர்த்திக்கொண்டார். ஓட்டப்பந்தய நேரங்களாக இலக்கங்களைச் சேர்த்துக்கொண்டது அவர் கையாண்ட உத்தி. எழுத்துகளைச் சொன்னபோதோ அவரால் ஆறைத் தாண்ட முடியவில்லை. மூளையைப் பொதுவாகக் கூர்மையாக்கித் தருவதாக விற்கப்படும் விளையாட்டுகளை எதிர்கொள்ளும்போது இந்த மாணவரை நினைத்துக்கொள்வது நல்லது.

கற்றலில் வகைகளே இல்லையா என்றால், உண்டு. 1953-இல் வலிப்பு நோய்க்காக மூளை அறுவைச் சிகிச்சை செய்துகொண்ட ஹென்றி மொலைசன், அதன் பிறகு புதிய நிகழ்ச்சி எதையும் நினைவில் நிறுத்தும் ஆற்றலை இழந்தார். ஹிப்போகேம்பஸ் என்ற மூளைப்பகுதி அவரிடமிருந்து பெருமளவு அகற்றப்பட்டிருந்தது. ஆய்வாளர் பிரெண்டா மில்னர், கண்ணாடியில் மட்டும் பார்த்து ஒரு நட்சத்திர வடிவத்தை வரையும் பணியை அவருக்குக் கொடுத்தார். நாளுக்கு நாள் அவர் கை திருந்தியது. ஆனால் அந்தப் பணியை முன்பு செய்ததாக அவருக்கு நினைவே இல்லை. செய்திகளையும் நிகழ்ச்சிகளையும் சேர்க்கும் நினைவும், கைப்பழக்கமாகப் படியும் நினைவும் வெவ்வேறு அமைப்புகள் என்பதை இது காட்டியது. கற்றலில் மெய்யான வகைகள் மனிதருக்கு மனிதர் பிரிந்து கிடக்கவில்லை. ஒவ்வொருவருக்குள்ளும் சேர்ந்தே இருக்கின்றன.

ஒருமுறை சேர்ந்த செய்தி வேகமாக நழுவும் என்பதை ஹெர்மன் எபிங்ஹாஸ் 1885-லேயே தம்மைத்தாமே சோதித்து அளந்து காட்டினார். நழுவாமல் நிறுத்த இரண்டு வழிகள் வலுவான சான்று பெற்றவை. ஒரே மூச்சில் படிப்பதைவிட அதே நேரத்தைச் சில நாள் இடைவெளிகளில் பிரித்துப் படிப்பது ஒன்று. புத்தகத்தை மூடிவிட்டு, படித்ததை நினைவிலிருந்து வெளியே எடுத்துப் பார்ப்பது மற்றொன்று. 2006-இல் ரோடிகர், கார்பிக்கி ஆகிய இருவரும் நடத்திய சோதனையில், ஒரு பகுதியைத் திரும்பத் திரும்பப் படித்தவர்கள் ஐந்து நிமிடம் கழித்து வைத்த தேர்வில் முந்தினார்கள். ஒரு வாரம் கழித்து வைத்த தேர்விலோ, படித்ததை நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்களே முந்தினார்கள். முதல் குழுவினர் தங்களுக்குக் கூடுதலாக நினைவிருக்கும் என்றே நம்பியிருந்தார்கள். எளிதாக இருப்பது நன்றாகக் கற்பதாகத் தோன்றும் மயக்கம் இங்கும் வெளிப்படுகிறது.

ஆளுக்கு ஆள் உண்மையில் மாறுவது

ஒரே வகுப்பில் ஒரே விளக்கத்தைக் கேட்ட இருவரில் ஒருவருக்கு அது உறைப்பதும் மற்றவருக்குப் புகையாகக் கலைவதும் அன்றாடக் காட்சி. செயல்நினைவின் கொள்ளளவு ஆளுக்கு ஆள் ஓரளவு மாறுகிறது. அக்கறையும் களைப்பும் மாறுகின்றன. ஐக்யூ எண்கூட நிலையாக நிற்பதில்லை. கூடுதலாகப் படித்த ஒவ்வோர் ஆண்டும் அதை ஒன்றிலிருந்து ஐந்து புள்ளிவரை உயர்த்துவதாகப் பல இலட்சம் பேரின் தரவுகளைத் தொகுத்த ஆய்வு ஒன்று 2018-இல் மதிப்பிட்டது. ஆனால் ஒரு பாடத்தை எப்படிக் கற்பிப்பது என்று முடிவுசெய்ய வேண்டியவருக்கு இவற்றையெல்லாம் விடப் பெரிய வேறுபாடு, அந்தப் பாடத்தைப் பற்றி மாணவருக்கு ஏற்கெனவே தெரிந்திருப்பதுதான்.

கற்றல் பாணியை மெய்ப்பிக்க இரு குழுக்களின் முடிவுகள் எதிரெதிர்த் திசையில் செல்ல வேண்டும் என்றும், அது கிடைக்கவில்லை என்றும் பார்த்தோம். முன்னறிவை வைத்துக் குழுக்களைப் பிரித்தால் அது கிடைக்கிறது. இயற்கணிதத்துக்குப் புதியவர்கள், படிப்படியாகத் தீர்த்துக் காட்டிய கணக்குகளைப் படிப்பதால் அதிகம் கற்கிறார்கள். வெறும் கணக்கைக் கொடுத்துத் தீர்க்கச் சொன்னால், வழி தேடுவதிலேயே அவர்களின் செயல்நினைவு நிரம்பிப்போகிறது. ஓரளவு தேர்ந்தவர்களிடமோ இது தலைகீழாகிறது. தெரிந்த படிகளை மறுபடியும் படிப்பது அவர்களுக்குச் சுமை; தாமே தீர்ப்பதே பயன். ஸ்லாவா கல்யூகா, ஜான் ஸ்வெல்லர் முதலியோர் பல ஆய்வுகளில் இந்தத் தலைகீழ் விளைவைக் காட்டியிருக்கிறார்கள். ஒரே மனிதர் ஒரு துறையில் புதியவராகவும் இன்னொன்றில் தேர்ந்தவராகவும் இருப்பதால், ‘இவர் இந்த வகை மாணவர்’ என்று நிரந்தர அடையாளம் ஒட்டுவதற்கும் இதில் இடமில்லை.

ஆகவே பாணியைக் கண்டறியும் வினாத்தாளைக் கொடுப்பதைவிட, அந்தப் பாடத்திலேயே இரண்டு மூன்று கணக்குகளைக் கொடுத்து, மாணவர் எந்தப் படியில் நிற்கிறார் என்று பார்ப்பது பயன்தரும். தொடக்கத்தில் முழுவதும் தீர்த்துக் காட்டிய கணக்கு. அடுத்ததில் கடைசிப் படியை மட்டும் அவரே நிரப்பும்படி விட்ட கணக்கு. அதற்கடுத்ததில் கடைசி இரண்டு படிகள். இப்படி ஒவ்வொன்றாகக் குறைத்துக்கொண்டு போகலாம். எந்தப் படியில் தடுமாறுகிறாரோ அந்த இடத்தில் நிறுத்தி, அதை மட்டும் மறுபடியும் தீர்த்துக் காட்ட வேண்டும்.